சூடேறாத எஞ்சின்

என் வீட்டுக்காரர் தவறிய பிறகு, காரை விற்றுவிடு என்று சொல்லாதவர் கிடையாது. மகள் போனில் இங்கிலீஷில் சொன்னாள். முடியாது என்று நான் தமிழில் சொன்னேன். அவருடையது என்று அந்த வீட்டில் இன்னும் உயிரோடு இருந்தது அந்த எஞ்சின் ஒன்றுதான். அதையும் சாகக் கொடுக்க எனக்கு மனசில்லை.

ஞாயிறுதோறும் சர்ச்சிலிருந்து வந்ததும் கீழே பார்க்கிங்குக்குப் போவேன். கதவைத் திறந்து, நின்றபடியே சாவியைத் திருகிவிட்டு, சுற்றி வந்து இடப்பக்கம் என் சீட்டில் உட்காருவேன். போதகர் பிரசங்கத்தை இழுத்த இழுப்பு, தண்ணீர் வராத குழாய், மேல்வீட்டு நாய், எல்லாவற்றையும் அவர் சீட்டைப் பார்த்துச் சொல்லி முடித்ததும் எஞ்சினை அணைப்பேன். வாட்ச்மேன் பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

மழைக்காலத்தில் வண்டி திணற ஆரம்பித்தது. புகை கறுப்பாக வந்தது. எங்கள் ஏரியா லோத்குண்டாவிலேயே கடை வைத்திருக்கும் தமிழ்க்கார மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் ஆயில் மூடியைத் திறந்தார். அதன் அடியில் பாலேடு போல மஞ்சளாக அப்பியிருந்தது. நான் குனிந்து பார்த்துக் கேட்டேன்.

"கேஸ்கெட் போயி கூலன்ட் உள்ள கசியுதா?"

கூலன்ட் டப்பாவை எட்டிப் பார்த்தார். "இல்ல ஆன்ட்டி, கூலன்ட் கொறையவே இல்ல. நீங்கதான் எஞ்சினைச் சூடாகவே விடல. அரைகுறைச் சூட்டுல பெட்ரோல் முழுசா எரியாது. உள்ள வேர்க்கிற தண்ணியும் போக வழியில்லாம ஆயில்ல கலந்துடும். ஆயில் மாத்தித் தர்றேன். நிக்க வெச்சே ஸ்டார்ட் பண்ணீங்கன்னா மறுபடியும் இதேதான்."

"அப்போ ரோட்டுல ஓட்டணுமா?"

"ஹவ், ஆமா ஆன்ட்டி. நல்லா சூடேறணும்."

நான் லைசென்ஸ் வாங்கியவள்தான். என் வீட்டுக்காரர்தான் ஸ்டியரிங்கைத் தரமாட்டார். "நீ பேசிக்கிட்டு வா, அது போதும்" என்பார்.

அடுத்த ஞாயிறு அவர் சீட்டில் ஏறினேன். கால் எட்டவில்லை. அவர் வைத்தபடியே இருந்த சீட்டை முன்னால் இழுத்தபோது பொலபொலவென்று கண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு கச்சிபௌலி பக்கம் விட்டேன். பின்னால் ஒரே ஹாரன். அவசரமென்றால் பறந்து போகட்டுமே. போகப் போகத் திணறல் குறைந்தது. சூடு காட்டும் முள் மெல்ல ஏறி நடுவில் வந்து நின்றது.

"பாத்தீங்களா, ஓட்டிட்டேன்" என்று பழக்கத்தில் வலப்பக்கம் திரும்பினேன். ஜன்னல் கண்ணாடிதான் இருந்தது. இடப்பக்கம் பார்த்தேன். பேசிக்கொண்டு வருகிறவளின் சீட்டும் காலியாக இருந்தது.