பொறுப்பாளர் கையெழுத்து

ஊர்வல அனுமதி கேட்டு வருபவர்கள் கொடியோடும் சத்தத்தோடும்தான் வருவார்கள். அந்த நால்வர் கதவைத் தட்டிவிட்டு வந்தார்கள். காவல் அலுவலகத்தில் மனுக்கள் வாங்கும் சீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு அது முதல் அனுபவம்.

வானவில் கொடி ஊர்வலம். மனு நல்ல ஆங்கிலத்தில் இருந்தது. மூவர் தன்பால் ஈர்ப்புள்ள, படித்த இளைஞர்கள். நான்காமவர் செல்வி, சாணார்பட்டிப் பக்கத்துத் திருநங்கை. வீட்டுமனைப் பட்டாவுக்காக எல்லா அலுவலகப் படிகளும் ஏறியவர் என்பதால் எனக்குப் பழக்கம்.

நிகழ்ச்சி நிரலைப் படித்தேன். ஊர்வலத்தின் முன்னால் திருநங்கையர் ஆட்டம். மேடையில் பேசுவோர் அந்த மூவர். உறுதிமொழிப் படிவத்தில் பொறுப்பாளர் இடம் காலி. வழக்கு வந்தால் அந்தப் பெயரில்தான் வரும்; விசாரணைக்குக் காவலர் அந்த முகவரிக்குத்தான் போவார்.

"எங்க வீட்ல தெரியாது சார். செல்வியக்கா போடுவாங்க" என்றார் மூவரில் ஒருவரான வின்சென்ட். பஸ் ஸ்டாண்ட் அருகே செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவர்.

செல்வி பேனாவை எடுத்தார்.

"ஏம்மா, கேஸ் வந்தா ஒன் பட்டா ஃபைல் என்னாகும்?" என்றேன். வழக்கு இருந்தால் பட்டா தரக்கூடாது என்று விதி இல்லை. ஆனால் தூங்க விரும்பும் கோப்புக்கு வழக்கு என்ற தலையணையைக் கொடுக்கக் கூடாது.

பேனா நின்றது. "ஏன் அப்பு, முன்னாடி ஆடுறதுக்கும் நாங்க, ஸ்டேசனுக்குப் போறதுக்கும் நாங்க. மைக்கு மட்டும் ஒங்களுக்கா?"

"ஒங்களத்தான் ஊருக்கே தெரியுமேக்கா."

"தெரிஞ்சுதானே வீடு வாசல் அம்புட்டும் போச்சு! இனி அந்த மனைதான்டா எனக்கு."

வின்சென்ட் என்னைப் பார்த்தார். "வீட்டு அட்ரஸ்தான் போடணுமா சார்?"

"கடை அட்ரஸ் போதும்." இது எனக்கு எப்போதும் தெரியும். யாரும் கேட்காததால் சொன்னதில்லை.

"போலீஸ் வந்தா பக்கத்துக் கடைக்காரனுக்குத் தெரிஞ்சிருமே?"

"தெரியத்தான் செய்யும்."

செல்வி பேனாவை மேசைமேல் வைத்தார். வின்சென்ட் அதை எடுத்து, கடை முகவரியை எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு நிகழ்ச்சி நிரலை இழுத்து, பேச்சாளர்களில் முதலாவதாக இருந்த தன் பெயரை அடித்துவிட்டு, 'செல்வி – பத்து நிமிடம்' என்று எழுதினார்.

"பத்தெல்லாம் பத்தாது" என்றார் செல்வி. "அரை மணி நேரம்னு போடு."

போட்டார்.

இப்போது அந்த சீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதலில் பேனாவை எடுப்பவருக்கு இழக்க ஒன்றுமில்லை என்று கூட வந்தவர்கள் சொல்வார்கள். இழக்க என்ன இருக்கிறது என்று அவரையே கேட்டுவிட்டுப் படிவத்தை நீட்டுங்கள்.