தொடாமல் விட்ட இருபத்தொன்று

நிவித்திகலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துக்கொண்டே படித்து, சாதாரண தரப் பரீட்சை தேறியவள் பிரேமலதா. தோட்டப் பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியர் எடுக்கும் பரீட்சைக்கு 1998இல் மூன்றாம் முறையாகப் போனாள். அடுத்த மாதம் வயது எல்லை தாண்டிவிடும். இதுவும் போனால் சாகிற வரைக்கும் கூடைதான்.

இரத்தினபுரியில் மண்டபம். நுண்ணறிவு வினாத்தாள், ஐம்பது கேள்வி, ஒரு மணி நேரம். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை. சரியானதற்குப் புள்ளடி போட வேண்டும். பிழையான விடைக்குப் புள்ளி குறைக்கப்படாது என்று தாளின் தலையிலேயே அச்சடித்திருந்தார்கள். வாசித்தாள். வாசித்து என்ன?

பதினான்காம் கேள்வியில் ஆறு பேர் வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கமலாவுக்கு நேரெதிரே யார்? ஓரத்தில் வட்டம் கீறி, ஒருவரை வைத்து, பொருந்தாதவரை எழுப்பி, வேறு இடத்தில் உட்கார வைத்து, விடையைப் பிடித்துவிட்டாள். சரிதானா என்று மறுபடியும் ஒரு சுற்றுப் பார்த்தாள். ஆறு நிமிடம் போயே போய்விட்டது. அடுத்ததில் இரண்டு விடை மேல் சந்தேகம். விட்டுவிட்டாள்.

பதினைந்து வருடம் மலையில் பழகிய கை அது. முற்றிய இலை கூடையில் கிடந்தால் கங்காணி நாலு பேர் முன்னால் கொட்டிக் கிளறி மானத்தை வாங்கிவிடுவார். நிச்சயமில்லாததைத் தொடக்கூடாது என்று அந்த விரல்களுக்குத் தெரியும். அச்சடித்த ஒரு வரி அவற்றிடம் என்ன பேச முடியும்?

பக்கத்து மேசையில் எழுதிய றிப்னா, நிவித்திகலை புடவைக்கடைக்காரரின் மகள், திரும்பும் பஸ்ஸில் கேட்டாள்.

"எல்லாத்துக்கும் போட்டீங்களா அக்கா?"

"தெரிஞ்சதுக்குத்தான் போட்டேன். இருவத்தொன்ன விட்டுட்டேன்."

"அல்லாவே! நான் கடைசிப் பதினெட்டையும் வாசிக்கவே இல்ல. எல்லாத்துக்கும் மூணாம் விடைக்குப் போட்டுட்டேன்."

"தெரியாம எப்படிம்மா போடுறது?" என்று பிரேமலதா சிரித்தாள். பாவம் இந்தப் பிள்ளை என்று இரக்கம்கூடப் பட்டாள். அந்த இரக்கத்தை நினைத்தால் இந்தக் கதையைச் சொல்லும் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. முப்பது புள்ளியாவது எடுத்தவர்களுக்கு நியமனம். றிப்னாவுக்கு முப்பத்தொன்று. பிரேமலதாவுக்கு இருபத்தொன்பது.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றபடியே கணக்குப் பார்த்தாள். ஐம்பதில் விட்டது இருபத்தொன்று. போட்டது இருபத்தொன்பது. அந்த இருபத்தொன்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு புள்ளடி போட்டிருந்தால், நாலில் ஒன்று என்றாலும் ஐந்து புள்ளி விழுந்திருக்கும். வேண்டியிருந்தது ஒரேயொரு புள்ளி.

தோட்டத்து லயத்தில், வீட்டு வாசலில் புருசன் முத்துவீரன் காத்திருந்தான்.

"எத்தன பிழை புள்ள?"

"ஒன்னுகூடப் பிழையில்லங்க."

முத்துவீரனுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்துக் காம்பரா வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி, "எம் பொண்டாட்டி டீச்சராயிட்டா!" என்று கத்தினான். சனம் கூடத் தொடங்கியது. அவள் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.