கண்ணாடிக்கு வைத்த பொட்டு

எண்பதுகளில், சேலத்துக் கல்லூரி ஒன்றில் நானே உருக்கி வார்த்த கண்ணாடித் துண்டுகளை ஜெர்மனிக்கு அனுப்பியிருந்தேன். அங்கே சின்க்ரோட்ரான் என்ற பெரிய இயந்திரத்தின் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, உள்ளே அணுக்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று பார்ப்பார்கள். என் ஆய்வுப் பட்டமே அதை நம்பித்தான் இருந்தது.

பதில் வந்தது. "இதில் ஈயம் தெரிகிறது. இது நீங்கள் செய்த கண்ணாடிதானா?"

நான் ஈயமே சேர்க்கவில்லை. ஈயம் கலந்த கண்ணாடியைக் கடையில் வாங்கி அனுப்பிய ஏமாற்றுக்காரன் என்று நினைத்துவிட்டார்கள். மூன்று நாள் என் ஆய்வுக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். கடைசியில் ஆய்வக உதவியாளர் ராசப்பண்ணனிடம், கண்ணாடியை யாராவது தொட்டார்களா என்று கேட்டேன்.

"நான்தானுங்க சாமி. ஆயுத பூசைக்குப் பொட்டு வெச்சு, அடுத்த நாளே தொடச்சுட்டனுங்க. எல்லாத்துக்கும் வைங்கன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

சொன்னேன்தான். புத்தகத்திலிருந்து தலை நிமிராமல் சொன்னேன். அந்தக் குங்குமத்தைச் சோதித்தேன்; நிறத்துக்காக ஈயச் செந்தூரம் என்ற சிவப்புப் பொடி கலந்திருந்தது. துடைத்த பிறகும் அதன் துகள் கண்ணாடியில் ஒட்டியிருந்திருக்கிறது.

ஜெர்மனிக்கு, 'படிக்காத ஊழியர் ஒருவரின் தவறு' என்று எழுதினேன். நம்பினார்கள், புதிய துண்டுகளைக் கேட்டார்கள்.

அடுத்த ஆயுத பூசையன்று ராசப்பண்ணன் குங்குமத் தட்டோடு வாசலிலேயே நின்றார்.

"கண்ணாடிக்கு வேண்டாமுங்களே சாமி?"

அன்றும் நான் தலை நிமிரவில்லை. அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.