நீல இழைகள்

காரிமங்கலத்து வீட்டுக் கொடியில் மனைவியின் சாயம் வெளுத்த சிவப்புச் சேலை காயும்போதெல்லாம், நான் உதவியாளனாக இருந்த கடற்கரை ஆய்வுக்கூடம் நினைவுக்கு வருகிறது. மணலில் வாழும் நீர்க்கரடிகளையும், அவற்றோடு கிடக்கும் பிளாஸ்டிக் இழைகளையும் நுண்ணோக்கியில் எண்ணுவது என் வேலை. கண்ணுக்கே தெரியாத அந்த உயிருக்கு எட்டுக் கால்கள். அவற்றையும் எண்ணிப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி.

சாப்பாடு கொண்டுவரும் மனைவிக்கும் காட்டுவேன். "கரடின்னீங்க, புழுவாட்டம் இருக்குதுங்க" என்று சிரிப்பாள்.

ஒருநாள் மணலில் ஏழு நீல இழைகள் இருந்தன. அவள் கட்டியிருந்ததும் நீல நைலான் சேலை. எனக்குப் பதற்றமாகிவிட்டது. "உன் சீலையில இருந்து உழுந்திருந்தா என் கணக்கு பூரா வீணு!" என்று கத்தினேன்.

மறுநாள் சிவப்புப் பருத்திச் சேலையில் வந்தாள். "இனி செவப்பா இருந்தா என்னுது. வீசிட்டு மத்ததை எண்ணுங்க."

புதிதாக மணல் எடுத்துப் பார்த்தேன். சிவப்பு ஒன்றுகூட இல்லை. நீலம் ஒன்பது.

"உன் மேல தப்பில்ல. எல்லாம் கடல்ல இருந்ததுதான்" என்றேன்.

அவள் நுண்ணோக்கியில் குனிந்து, ஒரு நீர்க்கரடி நீல இழையில் சிக்கிக் கால்களை அசைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னுதாவே இருந்திருந்தா நல்லா இருந்திருக்குமுங்க" என்றாள்.