உத்தரவு கொடுக்காத கடா

நான் உயிரோடு இருப்பது டாக்டர்மாரின் தயவில் என்று எங்கள் வீட்டில் ஒரு கட்சி உண்டு. இல்லை, வைரவரின் தயவில் என்று இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சிக்குத் தலைவரும் தொண்டரும் பெரியப்பா ஒருவர்தான். ஆனால் சத்தத்தில் அவர்தான் பெரும்பான்மை.

எனக்கு ஆறு வயதில் இதயத்தில் இருந்த ஓட்டையை அடைத்தார்கள். ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில்தான் பெரியப்பா இருந்தார். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "பிள்ளை எழும்பி நடந்தால் உனக்கு ஒரு கடா" என்று அவர் வைரவருக்கு நேர்ந்துவிட்டார். நான் எழும்பி நடந்தேன், ஓடவும் செய்தேன். கடாவை மட்டும் காணவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு குளிர்காலத்தில் எனக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தன. பெரியப்பா படியிறங்கி வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"வைரவர் நினைப்பூட்டுறார். இனியும் இழுத்தடிச்சால் பிள்ளைக்குக் கூடாது" என்றார்.

நான் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். கடா போகாவிட்டால் நான் போய்விடுவேன் என்று எனக்கு விளங்கியது. மற்றப் பிள்ளைகள் ஆட்டுக்குட்டியைக் கண்டால் கொஞ்சுவார்கள். நான் முகம் தெரியாத ஒரு கடாவின் சாவுக்காக ராவும் பகலும் பிரார்த்தித்தேன்.

ஊரில் என்றால் பிரச்சினையே இல்லை. வேள்வியன்று கடாவுக்கு மாலை போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் வைரவர் உத்தரவு கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். உதறாவிட்டால் கத்தியைத் தொடக்கூடாது. பெரியப்பா இதை ஒரு சட்டம் போலச் சொல்வார். ஜெர்மன்காரருக்கும் ஒரு சட்டம் இருந்ததுதான் சிக்கல். வீட்டில் ஜெர்மன் ஒழுங்காகப் பேசத் தெரிந்த ஆள் எட்டு வயது நான்தான் என்பதால், மிருக வைத்திய அலுவலகத்துக்கு என்னையே தொலைபேசியில் பேச வைத்தார்கள். அந்தப் பக்கம் ஒரு பெண், நல்ல மனுஷி, ஆறுதலாக விளங்கப்படுத்தினார். ஆட்டை முதலில் மயக்க வேண்டும், பிறகுதான் வெட்டலாம். அதையும் இறைச்சிக்கூடத்தில்தான் செய்யலாம். மதக் காரணம் காட்டி விலக்குக் கேட்கலாம், ஆனால் கிடைப்பது கஷ்டம். கடைசியில், வைரவர் என்பவர் எங்கே வசிக்கிறார் என்று கேட்டார்.

நான் மொழிபெயர்த்ததைக் கேட்டுப் பெரியப்பா திகைத்துப் போனார்.

"மயங்கிக் கிடக்கிற ஆடு எப்பிடிப் பிள்ளை உத்தரவு குடுக்கும்? அதிட்டைக் கேக்காமல் வெட்டுறது கொலையெல்லே!"

ஆடு ஒன்றும் அறியாமல் சாகவேண்டும் என்று அந்தப் பெண் சொன்னார். ஆடு அறிந்து சம்மதித்துச் சாகவேண்டும் என்று இவர் சொன்னார். இருவருமே ஆட்டின் பக்கம்தான். ஆட்டைத்தான் யாரும் கேட்கவில்லை.

பெரியப்பா தயங்கவில்லை. அப்பா வேலை செய்த உணவகத்துக்கு உருளைக்கிழங்கு கொண்டுவரும் விவசாயியிடம் ஒரு வெள்ளைக் கடாவைப் பேசி வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை வந்து அதற்குப் பூசை செய்யப் போகிறோம் என்று அவரிடம் சொல்லியாகிவிட்டது. கத்தியைப் பற்றிச் சொல்லவில்லை. அப்பாவுக்கு முகத்தில் ரத்தமில்லை. எங்கள் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டிருந்த நேரம் அது. ஒரு பொலிஸ் கேஸ் வந்தால் எல்லாம் போச்சு. ஆனால் தன்னை வளர்த்து, வெளிநாட்டுக்கும் அனுப்பிவைத்த அண்ணனிடம் 'ஏலாது' என்று சொல்ல அப்பாவின் வாய் வளையாது. அம்மாவிடம் மட்டும் சொல்லி அழுதிருக்கிறார் போலும். அம்மா வடைக்கு உழுந்து ஊறப்போட்டார்.

அந்த ஞாயிறு சரியான குளிர். புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. விவசாயி தேவாலயத்துக்குப் புறப்பட்டுப் போனார். கொட்டிலுக்குப் பின்னால் ஒரு ஆப்பிள் மரத்தடியில் பெரியப்பா சூலத்தை நட்டார், கற்பூரம் கொளுத்தினார். கத்தி துவாயில் சுற்றிக் காலடியில் கிடந்தது. அம்மா இரண்டு பிளாஸ்க் கொண்டுவந்திருந்தார். ஒன்றில் இஞ்சித் தேத்தண்ணி. மற்றதை நான் திறக்கப் போனபோது கையில் ஒன்று போட்டார். "அது பூசைத் தண்ணி, தொடாதை" என்றார்.

அம்மா செம்பை நிரப்பி மஞ்சள் போட்டு வைத்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி வடைமாலையைச் சரிசெய்தார். பெரியப்பா செம்புக்குள் கை விட்டார். விட்ட கை அப்படியே நின்றது. அவர் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். அப்பா குனிந்த தலையோடு கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். பெரியப்பா மந்திரம் சொல்கிறார் என்று நினைத்தேன்.

பிறகு கடாவின் முதுகில் தெளித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, 'உதறு, உதறு' என்று மனதுக்குள் கெஞ்சினேன். கடா உதறவில்லை. இன்னும் தெளித்தார். பாழாய்ப்போன கடா சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டியது. மிச்சத் தண்ணீர் முழுவதையும் ஊற்றினார். அது எட்டி வடைமாலையில் ஒரு வடையைக் கடித்து இழுத்தது.

"உத்தரவு இல்லை" என்றார் பெரியப்பா. "வைரவர் கடா வேண்டாம், வடை காணும் எண்டிட்டார்."

அப்பா விறுவிறுவென்று போய்க் கத்தியைக் காருக்குள் வைத்துப் பூட்டினார். விவசாயி திரும்பி வந்து எங்களோடு நின்று வடை தின்றார். கடாவைக் கடைசிவரை தானே வைத்துப் பார்ப்பதாகச் சொன்னார். சொன்னபடியே செய்தார். அந்த மனிதனுக்கும் நான் நன்றி சொல்லவேண்டும்.

கார் புறப்பட்டபோது பின்கண்ணாடியால் பார்த்தேன். கடா தலையிலிருந்து வால்வரை ஒரு உதறு உதறியது.

"பெரியப்பா, உதறுது! வடிவாய் உதறுது!"

முன் இருக்கையில் இருந்த பெரியப்பா திரும்பவேயில்லை. "கேக்கேக்கை சொல்லேல்லை. இனிச் சொல்லி என்ன?" என்றார். அம்மா என் வாய்க்குள் ஒரு வடையைத் திணித்தார்.

அதன் பிறகு கொஞ்சக் காலம் நெஞ்சில் கையை வைத்தபடியே திரிந்தேன். நெஞ்சு தன்பாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. வடையையும் தின்றுவிட்டு உத்தரவு கொடுக்காத அந்த நன்றிகெட்ட கடாவைத் திட்டினேன்.

போன வருடம் பெரியப்பா போய்விட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கன்று வடை சுட்டுக்கொண்டிருந்த அம்மா திடீரென்று அழுதார். "பாவம் அந்த மனுஷன். நான் சுடுதண்ணி ஊத்தினது தெரியாமலே போயிட்டார். குளிர்தண்ணி எண்டால் அது உதறியிருக்கும். வைரவரையும் ஏமாத்தி, அவரையும் ஏமாத்திப்போட்டன்" என்றார். என் உயிரைப் பணயம் வைக்கிறோமோ என்று தானும் பல காலம் பயந்து கிடந்ததாகச் சொன்னார்.

நான் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, செம்புக்குள்ளை கை விட்டது பெரியப்பாவெல்லே" என்றேன்.