இரும்பு நுழையாத அறை

செய்தி வந்தபோது மணி பத்து இருபது. லேத் ஓடிக்கொண்டிருந்த சத்தத்தில் மிஸ்திரிக்குக் கைப்பேசி அடித்தது கேட்கவில்லை. பட்டறை முதலாளி பின்னாலிருந்து வந்து சுவிட்சை அணைத்தார். இருபத்தெட்டு வருடத்தில் தன் மிஷினை இன்னொருவர் கை வைத்து நிறுத்தியதில்லை. சண்டைக்கென்றே திரும்பிய மிஸ்திரி, முதலாளியின் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த இரும்புத் துண்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

அவர் மனைவி வேலை செய்த ஆஸ்பத்திரியிலிருந்து பேசியிருந்தார்கள். காலை ஆறு மணிக்கே போனவள், கழுவும் தொட்டி முன்னால் குப்பிகளை அலசிக்கொண்டிருந்தாளாம். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அவள் அப்பாவும் இப்படித்தான், ஐம்பத்திரண்டு வயதில், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே போனவர். போன பிறந்தநாளில், “அப்பாவை ஒரு வருஷம் ஜெயிச்சிட்டேன் மிஸ்திரி” என்று சொல்லிச் சிரித்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரைக் கூப்பிட்டது அப்படித்தான்.

வீட்டுக்கு வந்தவர்களில் யாருக்கும் அந்த அப்பாவின் ஞாபகம் வரவில்லை. மிஸ்திரியின் அக்காள் வாசலில் கால் வைக்கும்போதே தீர்ப்பைக் கையோடு கொண்டுவந்தாள்.

“அந்தக் கதிர் ரூம்தான்டா அவளை முழுங்கிடுச்சு. நான் அன்னைக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டியா நீ?”

பொழுது சாய்வதற்குள் அந்தப் பேச்சுக்குக் கை கால் முளைத்துவிட்டது. அவள் தலைமுடி கொட்டியது என்றார் ஒருவர். விரல் கறுத்திருந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார் இன்னொருவர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூலையில் நின்ற நாலு பேரின் காதிலும் அது விழுந்தது. மறுத்துச் சொல்ல மிஸ்திரிக்கு நாக்கு எழவில்லை. காரணம் இருந்தது. அந்த வேலையை விடச் சொல்லி முதலில் மல்லுக்கு நின்றவரே அவர்தான்.

அவள் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். லுட்டீசியம் என்று ஓர் உலோகம். கதிர் வீசும். வெறுமனே உடம்பில் ஏற்றினால் எலும்பில் போய் உட்கார்ந்துகொண்டு, ரத்தம் ஊறும் இடத்தையே கெடுக்கும். புற்றுநோய்க் கட்டியைத் தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்ளும் புரதம் ஒன்று இருக்கிறது. அந்தப் புரதத்தின் முதுகில் மிக நுண்ணிய கூண்டு ஒன்றை முன்பே கட்டி அனுப்புவார்கள். உலோகத்தை அந்தக் கூண்டுக்குள் ஏற்றிப் பூட்டுவதுதான் அவள் வேலை. பூட்டிவிட்டால் புரதம் போகிற இடத்துக்கு உலோகமும் போகும். கதிர் கட்டிக்குள் மட்டும் விழும்.

சொல்ல எளிது. புரதம் சூடு தாங்காது. கொஞ்சம் கூடினாலும் வெந்த முட்டை மாதிரி திரைந்துவிடும். உடம்புச் சூட்டிலேயே ஒரு மணி நேரம் வைத்திருக்க வேண்டும். உலோகமோ ஆறரை நாளில் பாதியாகிவிடும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது. ஈயச் செங்கல் சுவருக்குப் பின்னால், ஈயக் கண்ணாடி வழியே பார்த்து, நீண்ட இடுக்கியால் சுண்டுவிரல் உயரக் குப்பியைத் தூக்கி இறக்க வேண்டும். கடைசியில் ஒரு சொட்டைக் காகிதப் பட்டையின் அடியில் வைத்து, பட்டையைக் கரைசலில் நிறுத்துவாள். கூண்டில் பூட்டியது அடியிலேயே நிற்கும். பூட்டாமல் திரிகிறது மேலே ஏறிவிடும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அடியில் நின்றால் நோயாளிக்குப் போகலாம்.

இதில் பெரிய எதிரி இரும்பு. கண்ணுக்குத் தெரியாத துளி இரும்பு கரைசலில் கலந்தாலும் அது முந்திக்கொண்டு கூண்டுகளில் ஏறி உட்கார்ந்துவிடும். வரவேண்டியவனுக்கு இடம் இருக்காது. அதனால் அந்த அறையில் கரண்டி பிளாஸ்டிக், கிண்ணம் பிளாஸ்டிக், குப்பிகள் அமிலத்தில் ஒரு ராத்திரி ஊறியவை. வளையல், மோதிரம் எல்லாம் வெளியே. ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பிளாஸ்டிக் அக்கா என்றே பெயர். அப்படிப்பட்டவள் நாள் முழுக்க இரும்பைக் கடையும் ஆளைக் கட்டிக்கொண்டதை வைத்து அங்கே ஓயாத கேலி.

இரும்பின் மேல் இந்த அருவருப்பு அவளுக்குச் சும்மா வந்ததல்ல. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், மிஸ்திரி ஆசையாக ஒரு சின்னக் கரண்டி கடைந்து கொடுத்தார். துருப்பிடிக்காத எஃகு, கைப்பிடியில் நூல் மாதிரி மூன்று வரி. உப்புத்தூள் அள்ள அவளுக்கு ஒன்று வேண்டியிருந்தது. துருப்பிடிக்காதது என்கிறாரே, ஒருநாள்தானே என்று அவள் அதையே எடுத்துப் புளிப்புக் கரைசலுக்கு உப்பு அள்ளினாள். கரண்டியைக் கரைசலிலேயே விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போனாள். அன்றைக்குப் பட்டையில் வந்தது எழுபத்தொன்று.

ஊசிக்காக ஒரு பள்ளிக்கூடக் காவலாளி மேல்மாடி வார்டில் படுத்திருந்தார். துறைத் தலைவர், பரவாயில்லை, அளவைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்துவிடலாம், கையெழுத்தைப் போடு என்றார். அந்த அறையில் அவள் சொன்னதை மற்றவர்கள் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“ஒட்டாதது எங்க போகும்னு உங்களுக்கே தெரியும் சார். நான் போட மாட்டேன். நல்லதுதான்னு தோணுச்சுன்னா இந்தாங்க பேனா, நீங்க போடுங்க.”

அவர் பேனாவை வாங்கவில்லை. முழுச் சரக்கும் ஈயப் பெட்டிக்குள் கழிவாகப் போனது. தவறு யாருடையது என்று யாரும் கண்டுபிடிக்கும் முன்பே அவள் தானே எழுதிக் கொடுத்தாள். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வாங்கிக்கொண்டு நேரே காவலாளியிடம் போய், என் தப்பு, இன்னும் எட்டு நாள் காத்திருக்க வேண்டும் என்று சொன்னாள். அந்த மனிதர் முழுக்கதையும் கேட்டுவிட்டு, “ஏம்மா, என் கட்டி ஒரு கரண்டிக்காகவா காத்துக்கெடக்கு?” என்றார். எட்டாம் நாள் பட்டையில் தொண்ணூற்றெட்டு வந்தது. அதற்கப்புறம் நாலு வருடம் அவர் பள்ளி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

கரண்டியை அவள் தூக்கிப் போடவில்லை. கதவுக்கு வெளியே ஆணியில் மாட்டி, கீழே ‘குற்றவாளி’ என்று எழுதி ஒட்டினாள். மிஸ்திரிக்கு ரொம்ப நாள் கோபம்.

கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. அவள் சேர்ந்த புதிதிலேயே வேலையை விடு, விடு என்று அரித்தெடுத்தார். ஒருநாள் அவள் மார்பில் குத்தும் அளவுப் பட்டையைக் காட்டினாள். அவள் மேல் விழும் கதிரை அது கணக்கெடுக்கும். மூன்று மாதத்துக்கொருமுறை வெளியே அனுப்பி, அளவைச் சீட்டில் எழுதி வாங்குவார்கள். “நீ பட்டறையில இழை இழையா அளந்து நம்புவே, நான் சொன்னா நம்ப மாட்டியா? சீட்டு வர வரக் கொண்டுவர்றேன், நீயே பாரு” என்றாள். அவர் ஒவ்வொரு சீட்டையும் பார்த்து, பட்டறை பில்லைக் குத்துகிற மாதிரி ஒரு கம்பியில் குத்திவைத்தார். இருபத்திரண்டு வருடத்தில் எண்பத்தேழு சீட்டு. எந்த வருடமும் அனுமதித்த அளவில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டியதில்லை.

அவள் போன மூன்றாம் நாள் துறைத் தலைவர் மிஸ்திரியை வரச் சொன்னார். இப்போது இருப்பவர் வேறு ஆள்; தன்மையானவர். அவளுடைய பையையும் செருப்பையும் கொடுத்துவிட்டு, தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். வீட்டில் நடந்த பேச்சைக் கேட்ட இரண்டாவது கெமிஸ்ட், அந்த அறைக்குள் இனிப் போக மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். எட்டு மாதம் முன்பு சேர்ந்த பெண். அவளை விட்டால் வேறு கை இல்லை. நாளை விடிகாலையில் உலோகம் வந்து இறங்கும். மேலே நாலு பேர் இருக்கிறார்கள். அவள் போகாவிட்டால் அறையைப் பூட்ட வேண்டியதுதான்.

மிஸ்திரி நேரே வீட்டுக்குப் போனார். கூடத்தில் உட்கார்ந்திருந்த அக்காள் சீட்டுக் கம்பியோடு அவர் புறப்படுவதைப் பார்த்து, எங்கேடா என்றாள்.

“அவளைக் கொன்னது அவ அப்பா வீட்டு ரத்தக்குழாய். இன்னொரு வாட்டி அந்த ரூமைச் சொன்னா, அக்கான்னும் பாக்க மாட்டேன்.”

ஐம்பத்தெட்டு வயதுத் தம்பி முதல்முறையாக அக்காளை எதிர்த்துப் பேசியிருந்தான்.

அந்தப் பெண் ஆய்வகத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தாள். மிஸ்திரி அவள் பக்கத்தில் கம்பியை வைத்தார்.

“படிம்மா. எண்பத்தேழும் படி. நான் உன்னைவிடப் பயந்தவன்.”

அவள் அடியிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். அரைமணி நேரம் ஆனது. நடுவில், அந்தக் கரண்டி வருடத்துச் சீட்டில் விரலை வைத்து நின்றாள்.

“இதிலயும் கம்மியாத்தான் சார் இருக்கு.”

“கம்மியாத்தான் இருக்கும். அவ தப்பு பண்ணுவா. மறைக்க மாட்டா.”

“அக்கா பயப்படவே மாட்டாங்களா?”

“இரும்புக்குப் பயப்படுவா. என்னைக் கை கழுவாம கட்டில்ல உக்கார விட்டதில்ல.”

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக மறுபடி அழுதாள். மாட்டேன் என்று எழுதியதைத் திரும்ப வாங்கட்டுமா என்று அவரிடமே கேட்டாள். உன் பெயரில் எழுதியது, உன் இஷ்டம் என்றார் மிஸ்திரி. போகும்போது தலைவர் ஆணியிலிருந்த கரண்டியை எடுத்து, இதுவும் உங்களுடையதுதானே என்று நீட்டினார். மிஸ்திரி அதை வாங்கிப் பழையபடி ஆணியில் மாட்டினார். அது என்னோடு வந்தால் இங்கே இருப்பவர்களுக்கு மறந்துபோகும் என்றார்.

மறுநாள், வெள்ளிக்கிழமை விடிகாலை ஐந்தரைக்கு உலோகம் வந்தது. அந்தப் பெண் மோதிரத்தைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே போனாள். பட்டையில் தொண்ணூற்றாறு வந்தது. நாலு பேருக்கும் ஊசி போனது.

மிஸ்திரி மனைவியின் மேல்சட்டையில் குத்தியிருந்த கடைசி அளவுப் பட்டையை அன்றே அனுப்பிவிட்டார்கள்; எண்பத்தெட்டாவது சீட்டு வந்ததும் மிஸ்திரி கம்பியில் குத்துவார். தொட்டியில் அவள் ஊறப்போட்டிருந்த குப்பிகள் பன்னிரண்டு. ஏழு குப்பியை அலசிக் கவிழ்த்து வைத்திருந்தாள். ஐந்து இன்னும் அமிலத்தில் இருக்கின்றன.