பெரியப்பா மேலே வந்த நாள்

மற்ற ஊர்களில் ஒருவர் மேலே போய்விட்டார் என்றால் அழுவார்கள். எங்கள் தங்கவயலில் ஒருவர் மேலே வந்துவிட்டார் என்றால்தான் வீட்டுப் பெண்களுக்கு மூச்சே வரும். கீழே என்றால் சுரங்கம், மேலே என்றால் வீடு. இப்போது சுரங்கத்தை மூடியாகிவிட்டது. நானும் பங்காருபேட்டையில் ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறேன். இன்றும் எனக்கு அதே அர்த்தம்தான். ஏழு வயதில் வேறு அர்த்தம் உண்டென்றே தெரியாது.

பெரியப்பா ஷிப்ட் முடிந்து மேலே வந்தவர்தான். கூட வேலை செய்த இருவர் இன்னும் வரவில்லை என்று கேட்டதும் ஆட்களை ஏற்றி இறக்கும் அதே இரும்புக் கூண்டில், அதே கேஜில், மறுபடி இறங்கினார். அவர்கள் மேலே வந்து சேர்ந்தார்கள். அவர் நின்ற இடத்தைப் பாறை சரிந்து மூடிவிட்டது. உடலைக்கூட எடுக்க முடியவில்லை. படத்துக்கு மாலை போட்டுவிட்டு, பெரியப்பா கீழே இருக்கிறார் என்று என்னிடம் சொல்லி வைத்தார்கள். பொய் என்றும் சொல்ல முடியாது.

ஒரு வருடம் கழித்து ஆண்டர்சன்பேட்டை ஹாலில் நினைவுக் கூட்டம். "ஊருக்கெல்லாம் நல்லவரு. எனக்கு இன்னா மிச்சம்?" என்று பெரியம்மா வர மறுத்துவிட்டாள். நான் லட்டு தருவார்கள் என்று போனேன்.

பெரியம்மாவின் தம்பி, எங்கள் மாமா, கவிதைப் பைத்தியம். எங்கிருந்தோ ஒரு சீனக் கவிதையைப் பிடித்துத் தமிழாக்கி வைத்திருந்தார். யாரோ ஒரு நல்ல மனிதரின் நினைவு நாளுக்கு எழுதியதாம். அவரை நேராகப் புகழ்ந்து அதில் ஒரு சொல்கூடக் கிடையாதாம். பக்கத்தில் ஒரு சுயநலக்காரனை நிறுத்தி, அவனுக்கு ஒரு வரி, இவருக்கு ஒரு வரி என்று மாற்றி மாற்றிச் சொல்லுமாம். "கரித்துணிய பக்கத்துல வெச்சாதாங்க வெள்ள வேட்டி வெள்ளையா தெரியும்" என்று மாமா விளக்கினார். முன்வரிசை வெள்ளை வேட்டிகள் பலமாகத் தலையாட்டின.

பிறகு அந்தக் கவிதையை மைக்கில் முழங்கினார்: "தனக்காக மேலே ஏறியவன் கீழே போய்விட்டான். பிறருக்காகக் கீழே இறங்கியவன் மேலே வந்துவிட்டான்!"

ஒரே கைதட்டல். எனக்குத் தலை சுற்றியது. முதல் ஆள் ஏறினானா இறங்கினானா என்றே புரியவில்லை. இரண்டாவது ஆள் யாரென்பதில் சந்தேகமில்லை. மேலே வந்துவிட்டாராமே! அப்புறம் ஏன் கண்ணைத் துடைக்கிறார்கள்? ஏன் ஒருவரும் எழுந்து போய் அவரை அழைத்து வரவில்லை? எனக்குக் கோபமே வந்தது. லட்டைக்கூட வாங்காமல் வீட்டுக்கு ஓடினேன்.

"பெரியம்மா, பெரியப்பா மேல வந்துட்டாராம்!"

"இன்னாடி சொல்ற? யாரு சொன்னா?"

"மாமா மைக்குல சொன்னாரு. எல்லாரும் கை தட்டுனாங்க."

பெரியம்மா அடுப்படிக்கு ஓடினாள். அடுப்பை மூட்டி, பெரியப்பா ஷிப்ட் முடிந்து குளிக்க வரும்போது வைப்பதுபோல் அண்டாவில் தண்ணீர் வைத்தாள். அவசரத்தில் பாதி தரையில் கொட்டியது. பெட்டியைத் திறந்து பெரியப்பாவின் லுங்கியை உதறிக் கொடியில் போட்டாள். செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடி, சுரங்கத்தின் வாயான ஷாஃப்ட் இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

என்னைத் தேடிக்கொண்டு மாமாதான் மூச்சிரைக்க வந்தார். கொடியையும் அடுப்பையும் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது.

"அக்கா, அது சீனாக்காரங்க கவித. அர்த்தம் வேற."

"வேற இன்னா அர்த்தம்?"

ஹால் முழுக்க விளக்கிய மாமா, கொடியிலிருந்த லுங்கியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

பெரியம்மா என் கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துப் போனாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அந்த வெந்நீரைச் சொம்பு சொம்பாக என் தலையில் ஊற்றி, அழுதுகொண்டே முதுகு தேய்த்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லாவற்றையும் எனக்கே ஊற்றிவிட்டால் பெரியப்பா வந்து எதில் குளிப்பார் என்பதுதான் என் கவலையாக இருந்தது.